மூட்டு வலி

கண்ணு செந்திலுக்கு அம்மா எழுதுவது.

போன் போட்டால் "ஓட்டிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அதனால்தான் இதை முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நோம்பிக்கு வந்தபோது உன் பெல்ட்டில் புதிதாய் ரெண்டு ஓட்டை பார்த்தேன். நேரத்துக்குச் சாப்பிடு.

போன செவ்வாய் மூட்டு வலி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். போனது நம்பிக்கை மையத்துக்கு, எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்துக்கு. நம் தெருக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்று, இந்த வயதில் எனக்கே வாசலில் கால் நின்றுவிட்டது. லாரிப்பேட்டையில் கேம்ப் போட்டால் டிரைவர்கள் ஏன் நழுவுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. உள்ளே ஒரு பெண் கதவைச் சாத்தி உட்கார வைத்து, என்ன பரிசோதனை என்று விளக்கி, சம்மதம் கேட்டுத்தான் ரத்தம் எடுத்தது. காசில்லை. முடிவை என்னிடம் மட்டும் சொன்னார்கள். வெளியே சொல்லக்கூடாது என்று 2017லேயே சட்டம் இருக்கிறதாம். நோய் இருந்தாலும் தினம் மாத்திரைதானாம். விடாமல் சாப்பிட்டு, கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தே இருந்தால் கட்டினவளுக்குக்கூட ஒட்டாதாம்.

உனக்கென்று சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். இங்கே கூச்சமென்றால் சேலத்தில் போ, அகமதாபாத்தில் போ. 1097க்குப் போட்டால் காசில்லாமல் விசாரிக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

ராத்திரி பகல் பார்க்காமல் குஜராத் லைன் ஓட்டித் தங்கச்சி கல்யாணத்தை முடித்தவன் நீ. அந்தக் கை ஒரு ஊசிக்கு நீளமாட்டேன் என்கிறதே.

சின்ன மாமன் மஞ்சள்காமாலையில் போனான் என்றுதானே உனக்குத் தெரியும்? அப்படித்தான் சொல்லி வைத்தோம். அவன் போனது 2005இல். தாம்பரம் ஆஸ்பத்திரியில் 2004லேயே இந்த நோய்க்கு இலவச மாத்திரை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "போய்ப் பார்க்கிறேன் அக்கா" என்று என்னிடம்தான் பஸ் காசு கேட்டான். வெளியே தெரிந்தால் என் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அழுது, நான்தான் தடுத்தேன். வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது அவன் பெயர் வெட்டிக் கொடுத்த ஆறு டம்ளரில் ஒன்றைத் தனியே எடுத்துத் தொட்டிச் சுவரில் கவிழ்த்தேன். ஏன் என்று அவன் ஒரு நாளும் கேட்கவில்லை. குடித்துவிட்டு அவனே கழுவி, அவனே கவிழ்த்து வைப்பான். டம்ளரில் ஒட்டாது என்று மையத்தில் அந்தப் பெண் சொன்னபோது என்னால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

பரணிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். இப்போது அதில்தான் காப்பி குடிக்கிறேன்.

வண்டியை ஷெட்டில் விட்டதும் வா. நானும் கூட வருகிறேன். அப்பாவிடம் மூட்டு வலி என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா