உடைந்த பெஞ்சுகள் கிடக்கும் அந்த அறை

பல்லடம் பக்கத்து எங்கள் ஊர் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு, விசைத்தறி ஓட்டி ஓய்ந்த கிழவன் ஒருவனின் வணக்கம்.

லாரி ஓட்டிய என் மகன் போன ஆடியில் விபத்தில் இறந்துபோனான். அவன் மகள் உங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. காரியம் முடிந்தும் அவள் அழவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. "சின்னப் பிள்ளை, மறந்துவிடும்" என்றது உறவு. நானும் நம்பினேன். பிறகு பாயை நனைக்கத் தொடங்கினாள். மருத்துவர் விளையாட்டுச் சிகிச்சைக்கு, அதாவது விளையாட்டு வழியே மனக்காயம் ஆற்றும் சிகிச்சைக்கு, கோவைக்கு அனுப்பினார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மண்ணில் விளையாட இரண்டு பஸ் மாற வேண்டுமா? எங்கள் வாசலில் இல்லாத மண்ணா?

என் வேட்டியை அவள் விடாததால் முதல் நாள் என்னையும் உள்ளே உட்காரவிட்டார்கள். ஒரு தட்டு நிறைய மணல். அலமாரியில் சொப்பு, பொம்மை, சின்ன வண்டிகள். அவள் ஒரு லாரியை எடுத்துக் கவிழ்த்து, மணல் போட்டு மூடி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தாள். எதற்கு என்று சிகிச்சை தரும் அம்மணி கேட்கவில்லை. "லாரி உள்ளே போய்விட்டது" என்றார், அவ்வளவுதான். ஆறு வாரம் அதே லாரி, அதே மணல். ஏழாவது வாரம் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: "அப்பாரு, அப்பா வண்டியை எடுத்துக் கழுவிவிட்டேன்."

குழந்தை முன்னே போகும், நாம் பின்னே போக வேண்டும் என்பது வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1947இல் எழுதிவைத்த நெறியாம். தன்னையோ பிறரையோ காயப்படுத்தக் கூடாது என்பது போன்ற ஒன்றிரண்டு கட்டுப்பாடுகள்தாம் அங்கே.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் நீங்களே. பள்ளியில் உடைந்த பெஞ்சுகள் கிடக்கும் அந்த அறையை இப்படிப்பட்ட சிகிச்சைக்காகப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். பொம்மை வாங்கிப் போட்டால் சிகிச்சை ஆகிவிடாது. பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒரு நாளாவது வர, தீர்மானம் போட்டு மேலிடத்துக்கு அனுப்புங்கள். சுவரில் வாய்ப்பாடு ஒட்ட வேண்டாம். விளையாட்டுப் பாடவேளையைத்தான் கணக்கு தின்றுவிட்டதே! மணலும் நொய்யலில் அள்ள வேண்டாம், அது சாயம் குடித்த மண்.

பெஞ்சுகளை வெளியே தூக்கிப்போடத் தறிக்குடோன் ஆட்கள் இருவரோடு நானே வருகிறேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.