எடை மேடை காட்டாத கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய, அதிக எடை குறைப்பவரே வெல்லும் ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ நிகழ்ச்சி குறித்து 2025 ஆகஸ்டில் ஓடிடியில் ஆவணத் தொடர் வந்ததிலிருந்து, உடல் எடைக் குறைப்புப் போட்டிகளைப் பற்றிய பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. அந்த மேடையில் ஒரே வாரத்தில் ஐந்து கிலோ குறைந்ததைப் பார்த்துவிட்டு, வீட்டில் அதையே முயல்கிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். 80 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் நாளொன்றுக்குச் சுமார் 2,200 கலோரி செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாள் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் அவருக்குக் கரையும் கொழுப்பு இரண்டு கிலோதான். அப்படியானால் மீதி மூன்று கிலோ எங்கே போனது? பெரும்பாலும் தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்துள்ள கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு அரை கிலோ அளவில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் அது தீர்ந்து, நீரும் வெளியேறுகிறது. கூடவே தசையும் கொஞ்சம் போகிறது. சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டே நாளில் நீர் திரும்பிவிடும், தசை அப்படித் திரும்பாது. அந்த நிகழ்ச்சியின் முதல் பருவத்தில் வென்றவரே, கடைசிப் பத்து நாள் திட உணவைத் தொடாமல், நீர்ச்சத்தை இழந்து, சிறுநீரில் ரத்தம் போகும் நிலையில்தான் எடை மேடையில் ஏறியதாகப் பின்னாளில் எழுதினார்.

2009-இல் ஒளிபரப்பான பருவத்தின் போட்டியாளர்கள் 14 பேரை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு ஆறு ஆண்டு கழித்துச் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டது. சராசரி எடை 149 கிலோவில் தொடங்கி, 30 வாரத்தில் 91-க்கு இறங்கி, ஆறு ஆண்டில் 132-க்கு ஏறியிருந்தது. ஒருவரைத் தவிர அனைவருக்கும் எடை கூடியிருந்தது. அதைவிடக் கவலை தருவது வேறு. சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றல், அவர்களுடைய உடல் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாக இருந்தது. அது ஏழெட்டு இட்லிக்குச் சமம். பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் போட்டி முடிவில் அடிமட்டத்துக்குப் போய், ஆறு ஆண்டாகியும் பழைய அளவை எட்டவில்லை. செலவு குறைந்து பசி கூடிய உடலைப் பார்த்து ‘மனஉறுதி இல்லை’ என்று சொல்வது அநியாயம்.

நம் ஊரில் பெரிய ஆபத்து மாத்திரையில் இருக்கிறது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அளவை மாற்றாமல் பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம்கூட வரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடலாம். குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைந்துகொண்டே போனால் பித்தப்பைக் கல்லுக்கு வாய்ப்பு கூடும். பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று பொருள். சிறுநீரகம் பழுதாவதற்குள் சிகிச்சை வேண்டும்.

இதற்கு மாற்று சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் இருந்தவர்களைத் தினம் அரை மணி விறுவிறு நடைக்கும், சர்க்கரையும் எண்ணெயும் குறைத்து நார்ச்சத்து கூட்டிய சாப்பாட்டுக்கும் பழக்கினார்கள். மூன்று ஆண்டில், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. பழக்கியவர்களில் 39 பேருக்கு. இத்தனைக்கும் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை! தொலைக்காட்சியின் கணக்கில் இவர்கள் எல்லாரும் முதல் வாரமே வெளியேற்றப்பட்டிருப்பார்கள்.

எடை குறைய வேண்டியவர்களுக்கு வாரம் அரை கிலோ போதும். வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, வேளைதோறும் பருப்போ முட்டையோ மீனோ அவசியம். எடையை வாரம் ஒரு முறை, காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் பார்க்கலாம். இடுப்புச் சுற்றளவை கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

இத்தகைய போட்டி நடத்தும் தொலைக்காட்சிகள், ஓராண்டு கழித்துப் போட்டியாளர்களின் எடையையும் ஒளிபரப்ப வேண்டும். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கங்களிலும் ‘ஒரே மாதத்தில் 10 கிலோ’ என்ற விளம்பரங்களை ஏற்காதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர், திருச்சி