கோபுரத்துக் கூகைகளுக்கு மூன்று மாதம் கொடுங்கள்

திருப்பணிக் குழுவினருக்கும் கோயில் நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

கிழக்குக் கோபுரத்தின் மூன்றாம் நிலையிலிருந்து கூகை என்னும் ஆந்தையின் ஐந்து குஞ்சுகளைச் சிமெண்ட் சாக்கில் போட்டு இறக்கியது உங்களுக்குத் தெரியும். சாரம் கட்டியவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. இருட்டுப் பொந்துக்குள் ‘உஸ்ஸ்’ என்று சீறினால் பாம்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். திருப்பணி தொடங்கும் சடங்கான பாலாலயத்துக்கு முன்பே நாங்கள் கொடுத்த மனுவை ஒருவராவது பிரித்துப் படித்திருந்தால், அது கூகைக் குஞ்சின் சத்தம் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

கூகை முதல் முட்டையிலேயே அடைகாக்க உட்கார்ந்துவிடும். அதனால் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாய்ப் பொரியும். சாக்கிலிருந்து எடுத்தபோது மூத்ததற்கு இறகு முளைத்து முகவட்டம் தெரிந்தது. கடைக்குட்டி உள்ளங்கையில் அடங்கும் வெண்பஞ்சு. அந்த வயதில் தாயின் சூடு இல்லாமல் அது பிழைக்காது. பகலில் தாய் தகப்பன் பக்கத்தில் இல்லையென்று, இரக்கப்பட்டு யாரோ பால் புகட்டினார்கள். பால் மூச்சுக்குழலில் இறங்கினால் அதோடு சரி. கடைக்குட்டி அப்படித்தான் போனது.

நாங்கள் கேட்பது இதுதான்: சாரம் கட்டுவதற்கு முன் ஒரு பகல் எல்லா நிலைகளையும் பார்க்க விடுங்கள். கூடு இருந்தால் அந்த நிலையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க இரண்டு மாதம். கடைக்குட்டிக்காக இன்னும் பத்து நாள். கூடு இருப்பதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். மாடத்துக்குக் கீழே சுண்ணாம்பு வழிந்தாற்போல் எச்சம் இருக்கும். கூகை கக்கிய, கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடும் தாடையும் ரோமமும் வரும்.

சாரத்துக்கு மேல் கீற்றோ பச்சை வலையோ போர்த்தும்போது கூட்டுக்கு நேராக இரண்டடிச் சதுரம் திறந்து விடுங்கள். அடைத்துவிட்டால் எலியோடு வரும் தாய் வெளியிலேயே சுற்றும், குஞ்சு உள்ளே பட்டினியில் சாகும். மாடத்தை நிரந்தரமாக மூடித்தான் ஆகவேண்டும் என்றால், குஞ்சுகள் பறந்த பிறகு மூடிவிட்டு மதிலோரம் உயரத்தில் ஒரு மரப்பெட்டி வையுங்கள். வாசலுக்கும் தளத்துக்கும் இடையே ஒன்றரை அடி ஆழம் வேண்டும். ஆழம் குறைந்தால் பறக்கத் தெரியாத குஞ்சு விளிம்பில் ஏறிக் கீழே விழும்.

இது கோயிலோடு முடிகிற விஷயமுமில்லை. எலிக்குக் கிட்டி வைத்த வயல்களில் இன்று புரோமடியோலோன் என்ற எலி விஷம் வைக்கிறார்கள். அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடி வரப்பில் நிற்பதைக் கூகை தூக்கிப்போய்க் குஞ்சுக்குக் கொடுக்கிறது. விடிய விடியக் கோபுரத்தின் மேல் விளக்கு. வயலில் கூகை உட்கார வேளாண்மைத் துறை குச்சி நடச் சொல்கிறது, ஊருக்குள் அதன் வீட்டையே நாம் அடைக்கிறோம். கூகை அலறினால் சாவு என்று சொல்லிச் சொல்லியே இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூகைக்கும் பொருந்தும் என்பதை மரியாதையோடு நினைவூட்டுகிறோம்.

மேற்குக் கோபுரத்துக்கு இன்னும் சவுக்குக் கட்டை வந்து இறங்கவில்லை. தயவுசெய்து அதற்குள் ஒரு நாள் படிவாசல் சாவியைக் கொடுங்கள். மூன்று பேர் டார்ச்சோடு வருகிறோம். கூடு இருந்தால் எந்த நிலை, குஞ்சுக்கு எத்தனை நாள் வயது என்று அன்று மாலையே ஸ்தபதியிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பறவைத் தன்னார்வலர்கள்