பார்வதிபுரம் மேம்பாலத்துக்கு வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் பெயர் சூட்டக் கோரும் மனு

அனுப்புநர்
இந்தியக் கடற்படையில் சீஃப் பெட்டி ஆபீசராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்,
உடன் கையொப்பமிட்டுள்ள ஊர்மக்கள்,
பார்வதிபுரம், நாகர்கோவில்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பொருள்: நாகர்கோவிலில் பிறந்து, 1971 போரில் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் அவர்களின் பெயரைப் பார்வதிபுரம் மேம்பாலத்துக்குச் சூட்ட அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற சுதந்திர தினத்தன்று எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் பேச என்னை அழைத்திருந்தார்கள். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போனேன். பாகிஸ்தான் படைத்தலைவர் நியாஜி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் நம் படைத்தலைவர் ஜெனரல் அரோரா அமர்ந்திருக்கிறார். நம் நாட்டில் அநேகமாக எல்லோரும் பார்த்த படம்தான். அரோராவுக்குப் பின்னால் நிற்கும் கடற்படை அதிகாரியைக் காட்டி, "இவர் யார் தெரியுமா?" என்று கேட்டேன். ஒரு குழந்தைக்கும் தெரியவில்லை. ஆசிரியர்களுக்கும் தெரியவில்லை. நாகர்கோவிலில் பிறந்தவர் என்று சொன்னதும், முன்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து வந்து, படத்தின்மேல் விரலை வைத்து, "நம்ம ஊர்க்காரரா சார்?" என்று கேட்டான். அந்த விரல்தான் என்னை இந்த மனுவை எழுத வைத்தது.

நீலகண்ட கிருஷ்ணன் அவர்கள் 1919-ல், இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில், 1941-ல், பாரசீக வளைகுடாவில் காட்டிய துணிவுக்காக டி.எஸ்.சி. (டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் கிராஸ்) என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. முப்பது ஆண்டு கழித்து, வங்கதேசப் போரின்போது, விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியாக இருந்தார்.

அந்தப் போரில் அவர் செய்ததைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். பெயர் சூட்டும் நியாயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கிழக்குக் கடலில் நம் பலம் விக்ராந்த் என்ற ஒரே விமானந்தாங்கிக் கப்பல். அதன் கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்க முடியாத கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இரை என்பது கடலில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். அதைத் தேடி மூழ்கடிக்கத்தான் பாகிஸ்தானின் காசி என்ற நீர்மூழ்கி 1971 நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்டு, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்கு வந்தது.

கிருஷ்ணன் அவர்கள் விக்ராந்தை அந்தமானில் ஒரு மறைவிடத்துக்கு அனுப்பிவிட்டார். பிறகு, அது விசாகப்பட்டினம் பக்கம்தான் நிற்கிறது என்று எதிரியை நம்ப வைக்கும் வேலையைத் தொடங்கினார். பணிக்காலம் முடியும் தறுவாயில் இருந்த ராஜ்புத் என்ற பழைய கப்பலைக் கடலுக்கு அனுப்பி, பெரிய கப்பலைப் போல ஓயாமல் வயர்லெஸ் செய்திகள் அனுப்பச் சொன்னார். விசாகப்பட்டினம் சந்தையில் ஒரு பெரிய கப்பலுக்குத் தேவையான அளவு இறைச்சியும் காய்கறியும் வாங்க ஆர்டர் கொடுத்தார்கள். ஊரில் ஒற்றர்கள் இருந்தால் காதில் விழட்டும் என்றே அது வெளிப்படையாக நடந்தது. உடல்நிலை மோசமான தன் தாயைப் பற்றி விக்ராந்த் மாலுமி ஒருவர் விசாரிப்பதுபோல், ரகசியக் குறியீடு இல்லாத தந்தி ஒன்றும் போனது. நான் பணியில் இருந்தபோது மூத்த மாலுமிகள் திரும்பத் திரும்பச் சொன்னது இந்தத் தந்தியைப் பற்றித்தான். வீட்டை நினைத்துக் கலங்கும் மாலுமியின் மனது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவருக்குத்தான் இந்த யோசனை வரும் என்பார்கள்.

காசி விசாகப்பட்டினம் வாசலுக்கு வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி அங்கேயே மூழ்கியது. ராஜ்புத் போட்ட நீர்மூழ்கி எதிர்ப்புக் குண்டுகளால் என்று நம் தரப்பு சொல்கிறது. உள்ளே நேர்ந்த வெடிப்பு, அல்லது அது விதைத்த கண்ணிவெடி என்று பாகிஸ்தான் தரப்பு சொல்கிறது. அந்த வாதத்தை நினைவுப் பலகையில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. அதில் இறந்த 93 பேரும் கடலோடிகள், அவர்களுக்கும் வீட்டில் தாய்மார் இருந்திருப்பார்கள். எதிரியின் நீர்மூழ்கி விக்ராந்த் இல்லாத இடத்தில் விக்ராந்தைத் தேடிக்கொண்டிருந்தது என்பதில் சர்ச்சை இல்லை. விக்ராந்த் பத்திரமாக இருந்தது. டிசம்பர் 4 முதல் அதன் விமானங்கள் இன்றைய வங்கதேசத்தில் உள்ள காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கடல்வழி அடைபட்டுப் போனதால், கிழக்கில் இருந்த பாகிஸ்தான் படைக்கு உதவி வரவும் வழியில்லை, தப்பிப் போகவும் வழியில்லை. அடுத்த பன்னிரண்டாம் நாள் டாக்காவில் அந்தப் படம் எடுக்கப்பட்டது. 1972-ல் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

விசாகப்பட்டினம் கடற்கரையில் 1971 வெற்றிக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அங்கே பணியில் இருந்தபோது அதன் முன்னால் பலமுறை நின்றிருக்கிறேன். வெற்றியைத் திட்டமிட்டவர் பிறந்த ஊரில், அவர் பெயர் எழுதிய ஒரு பலகையை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஏன் பாலம் என்று கேட்கலாம். சிலைக்கு மாலை போடுவது வருடத்தில் ஒருநாள். பாலத்தின் பெயரை ஜனங்கள் தினமும் வாயால் சொல்வார்கள். பக்கத்துத் திருநெல்வேலியில், தாமிரபரணிக்குக் குறுக்கே 1843-ல் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக்கொடுத்தவரை இன்றைக்கும் அந்த ஊர் மறக்கவில்லை. சுலோச்சன முதலியார் பாலம் என்ற பெயர் புழக்கத்தில் இருப்பதுதான் காரணம். நம் மாவட்டமும் போர் வெற்றியை நினைவில் வைக்கத் தெரிந்த மாவட்டம். 1741-ல் டச்சுக்காரர்களை வென்றதற்குக் குளச்சலில் வெற்றித்தூண் நிற்கிறது.

பார்வதிபுரம் மேம்பாலம் 2018-ல் திறக்கப்பட்டது. திருவனந்தபுரம் சாலையில் போகிறவர்களும் வருகிறவர்களும் அதில் ஏறித்தான் இறங்குகிறார்கள். அதன் இரும்புத் தூண்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் போதெல்லாம், கப்பல் பட்டறையில் ஏற்றி நிறுத்திய கப்பலின் அடிப்பாகம்தான் எனக்கு நினைவு வரும். ஊர்ப் பெயரை எடுத்துவிடும்படி நாங்கள் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தமும் சந்திப்பும் பார்வதிபுரமாகவே இருக்கட்டும். மேம்பாலத்தின் இரு முனைகளிலும் "வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் மேம்பாலம், பார்வதிபுரம்" என்று பலகை வைத்தால் போதும். பெயரை "என். கிருஷ்ணன்" என்று சுருக்காமல் முழுதாக எழுதும்படி தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர் இது. சுருக்கி எழுதினால் பாதிப் பேர் கலைவாணர் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

இது தேசிய நெடுஞ்சாலைப் பாலம் என்பதால் மத்திய அரசின் ஒப்புதலும் தேவைப்படும் என்று அறிவோம். மாநகராட்சி மன்றத்தில் இதைத் தீர்மானமாக வைக்கவும், பிறகு தங்கள் பரிந்துரையுடன் மாநில அரசு வழியாக நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்துக்கு அனுப்பவும் தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறோம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பாலத்தின் அடியில், நடந்து போகிறவர்கள் நின்று படிக்கும் உயரத்தில், ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும். அதன் கடைசி வரியாக, "இம்மாவட்டத்திலிருந்து கடற்படைக்குச் சென்ற மாலுமிகள் அனைவரின் நினைவாகவும்" என்று பொறிக்க வேண்டும். அட்மிரல் திட்டம் போட்டார், கொதிகலன் அறையின் வெக்கையில் நின்று கப்பலை ஓட்டியவர்கள் மாலுமிகள். இந்த வரியை அவரும் விரும்பியிருப்பார் என்றே நம்புகிறேன்.

பெயர் சூட்டும் நாள் கடற்படை தினமான டிசம்பர் 4 ஆக அமைந்தால் பொருத்தமாக இருக்கும். விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளத்துக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து அழைப்பு அனுப்பினால், சீருடையில் சிலர் வந்து மரியாதை செய்ய வாய்ப்பு உண்டு. 1971-ல் கப்பலில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. நடக்க முடிகிற காலத்திலேயே அவர்களையும் மேடைக்கு அழைக்க வேண்டும், அதனால்தான் சீக்கிரம் முடிவெடுக்கும்படி கேட்கிறோம்.

கல்வெட்டு வாசகத்தின் வரைவையும், நான் பள்ளிக்குக் கொண்டுபோன அந்தப் படத்தின் பிரதியையும் இத்துடன் இணைத்துள்ளேன். விளக்கம் தேவைப்பட்டால் எந்த நாளிலும் நேரில் வரத் தயாராக இருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சீஃப் பெட்டி ஆபீசர், இந்தியக் கடற்படை,
மற்றும் பார்வதிபுரம் ஊர்மக்கள்

இடம்: நாகர்கோவில்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், கல்வெட்டு வாசக வரைவு, புகைப்படப் பிரதி