பல்தண்டு குன்னூரோடு முடிகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரி மலை ரயில் ஊட்டி வரை பல்சக்கரத்தில் ஏறுவதாகப் பலரும் எழுதுகிறார்கள், தவறு. மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு முதல் குன்னூர் வரைதான் தண்டவாளத்தின் நடுவே பல்தண்டு, அதாவது எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல்வைத்த இரட்டை இரும்புத் தண்டு. ஏற்றம் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி. அந்த இரட்டைத் தண்டுகளில் ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக இருப்பதால் பிடி விடுபடாது. எஞ்சின் கீழ்ப்புறமிருந்து தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின்மேல் சாய்ந்து நிற்கும். அருமையான ஏற்பாடு!

குன்னூருக்கு 1899இலும் ஊட்டிக்கு 1908இலும் ரயில் வந்தது. குன்னூருக்கு மேல் ஊட்டி வரை ஏற்றம் குறைவு. சாதாரணச் சக்கரமே போதும்.

மழையில் பாறையும் மண்ணும் சரிவது பெரும்பாலும் பல்தண்டுப் பகுதியில். குன்னூர்–ஊட்டி ரயில் அப்போதும் ஓடக்கூடும். ஆகவே ‘மலை ரயில் ரத்து’ என்று மட்டும் போடாமல், எந்தப் பகுதி என்பதையும் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள்.

– வாசகர், குன்னூர்