களிம்பை ஏன் நிறுத்தினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

யூத ஆண் குழந்தை பிறந்த எட்டாம் நாள் நடக்கும் 'பிரித் மிலா' என்னும் விருத்தசேதனச் சடங்குக்கு (ஆண்குறியின் முன்தோலை நீக்குவது) வேண்டிய தலையணை, சுற்றுத்துணி, காஸ் துணி ஆகியவற்றை எருசலேமில் விற்றுவரும் எங்கள் சிறு கடையில், தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பை இனி மருத்துவரின் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த அந்தக் களிம்பு வேலை செய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். சடங்கை நடத்தும் மோஹெல் வந்து நின்ற பிறகு தடவுவதால் பயனில்லை. அளவுக்கு மீறித் தடவினாலோ பச்சிளம் குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். சென்ற ஆண்டு ஒரு தாய் பாதி காலியான குழாயைக் கொண்டுவந்து, "இவ்வளவும் தடவிவிட்டேன், போதுமா?" என்று கேட்டார். உடனே மருத்துவரிடம் அனுப்பினோம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எதுவும் சொல்லாமல் அதை விற்றவர்கள் நாங்கள்தான். களிம்பைவிட நன்றாக வலியைத் தடுப்பது நரம்பை மரக்கச் செய்யும் ஊசி. அதைத் தேர்ந்த மருத்துவரே போட வேண்டும் என்பதால், மோஹெலிடமும் குழந்தை மருத்துவரிடமும் சில நாள் முன்னதாகவே பேசிவிடுங்கள்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியவையும் உண்டு. பசியோடு அழும் குழந்தையை எதனாலும் தேற்ற முடியாது. ஆகவே விருந்தினர் வரும் நேரத்தைப் பார்க்காமல் பாலூட்டும் நேரத்தைப் பார்த்துச் சடங்கை வையுங்கள். காஸ் துணியை விரல் நுனி அளவுக்கு முறுக்கி, மருத்துவர் சொன்ன சர்க்கரைக் கரைசலில் தோய்த்து, வெட்டுவதற்கு இரண்டு நிமிடம் முன் நாக்கில் வைத்தால், குழந்தை அதைச் சப்பத் தொடங்கும். இறுக மூடிய கைவிரல்கள் ஒவ்வொன்றாக விரிவதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். மரபுப்படி திராட்சை மதுவைத் தோய்த்துக் கொடுக்கும்போதும் அந்தச் சப்புதலே பெரும் ஆறுதல் என்பது எங்கள் எண்ணம். தேனை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் அது ஆபத்து.

குழந்தையை மடியில் ஏந்தும் சந்தக், பெரும்பாலும் தாத்தா, கால்களை நடுக்கமின்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மார்பும் கைகளும் கதகதப்பாகச் சுற்றியிருக்கட்டும்.

வலியைக் குறைப்பது மரபுக்கு எதிரானது என்று சில பெரியவர்கள் தயங்குகிறார்கள். ஆனால் குழந்தையின் நலனுக்கு மரபே இடம் தருகிறது: சடங்கின் மூன்றாம் நாள், வேலைகள் விலக்கப்பட்ட ஓய்வுநாளான சபாத்தாக இருந்தாலும் குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவே சொல்லியிருக்கிறது. உடல்நலமில்லாத குழந்தைக்குச் சடங்கைத் தள்ளிவைக்கும்படியும் நம் சட்டம் சொல்கிறது. மஞ்சள் காமாலை தெரிந்தால் தயங்காமல் மோஹெலிடம் சொல்லுங்கள்.

பிறகு, புண் டயப்பரில் ஒட்டாமலிருக்க ஒவ்வொரு மாற்றத்திலும் வாசலின் தடவிய காஸ் வையுங்கள். மஞ்சள் நிறப் படலம் ஆறுவதன் அடையாளம், துடைத்தெடுக்க வேண்டாம். இரத்தம் நிற்காவிட்டாலோ, சிறுநீர் கழியாவிட்டாலோ எங்களை அழைக்காமல் நேரே மருத்துவரிடம் செல்லுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்கள்