பாருவுக்கு, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து

அன்புள்ள பாரு,

உன் கடிதம் வந்தது. பேரன் நீச்சல் பழகுகிறான், உனக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, இரண்டுமே நல்ல சேதி. மகள் வீட்டுப் பின்பக்கம் உனக்கென்று கட்டித் தந்த சின்ன வீட்டுக்கு நான்கு பக்கமும் வெள்ளையடித்துவிட்டார்கள், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது என்று புலம்பியிருக்கிறாய். இடம் சின்னதென்றால் வெள்ளைதான் என்கிறார்களே, நிஜமா என்றும் கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். எங்கள் வீட்டிலும் கொஞ்ச காலமாக இதே சண்டைதான்.

முதலில் எங்கள் சேதி. அங் மோ கியோ நாலறை வீட்டை விற்றுவிட்டோம். ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஈரறை ஃபிளெக்ஸி வீடு கிடைத்துச் சாவியும் வாங்கியாயிற்று. 47 சதுர மீட்டர், ஏறக்குறைய 500 சதுர அடி. பழைய வீட்டில் பாதிதான். 55 வயது தாண்டியவர்களுக்குக் குறுகிய காலக் குத்தகை தருகிறார்கள் அல்லவா, 15 முதல் 45 ஆண்டு வரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கணவன், மனைவி இருவருக்கும் 95 வயது ஆகும் வரையாவது அது வர வேண்டும். "அரசாங்கமே நமக்கு 95 போட்டுக் கொடுத்துவிட்டது" என்று உன் அண்ணன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வந்து பார்த்த ரெனவேஷன்காரர் ஒருவர், எல்லாச் சுவரும் வெள்ளை, தரையிலிருந்து கூரை வரை அலமாரி, படுக்கையறை முழுக்க மேடை கட்டி அதற்கடியில் சாமான் என்று படம் வரைந்து காட்டினார். மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு மூச்சு முட்டியது. சுவர் வெள்ளையாக இருந்து என்ன பயன், பாதிச் சுவர் அலமாரிக்குப் பின்னால் அல்லவா போய்விடுகிறது! சாயத்துக்குத் தடிமன் கிடையாது, பாரு. என்ன நிறம் பூசினாலும் அறை ஓர் அங்குலம்கூடக் குறையாது. இடத்தைத் தின்பது அலமாரியின் ஆழம்.

கணக்குப் போட்டுப் பார். துணி அலமாரி என்றால் 60 சென்டிமீட்டர் ஆழம் என்பது வழக்கம். சட்டையை ஹேங்கரில் மாட்ட அவ்வளவு வேண்டும். மூன்று மீட்டர் அகல அறையில் இரண்டு பக்கமும் அப்படி வைத்தால் நடுவில் மிஞ்சுவது 1.8 மீட்டர். ஆனால் என் துணியில் முக்கால்வாசி புடவை. மடித்து அடுக்கும் புடவைக்கு 40 போதும். மருந்து, மசாலா டப்பா, புத்தகம், சாமி படம் இதற்கெல்லாம் 25 போதும். அதனால் 60 ஆழத்தில் ஒரே ஒரு சின்ன அலமாரி, அது இவருடைய சட்டைகளுக்கு. மற்றதெல்லாம் ஒல்லியாகவும் நீளமாகவும் சுவரோடு ஒட்டிப் போகிறது. ஒல்லி அலமாரியில் இன்னொரு லாபம், எதுவும் பின்னால் போய் ஒளிந்துகொள்ளாது. பழைய வீட்டில் புளி எங்கே என்று தெரியாமல் புதுப் புளி வாங்கி வருவேனே, அந்தக் கதை இனி இல்லை. நடக்கும் வழியை மட்டும் 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விடச் சொல்லிவிட்டேன். நாளைக்கே சக்கர நாற்காலி வந்தாலும் இடிக்கக் கூடாது.

மேடைக் கட்டில் வேண்டவே வேண்டாம் என்றேன். ராத்திரி எழுந்து இறங்கும்போது கால் தவறினால் யார் பார்ப்பது? அதோடு இந்த ஊர் ஈரப்பதத்துக்கு மூடிக் கிடக்கும் எதிலும் பூசணம் பிடித்துவிடும். மெத்தையை அப்படியே மேலே தூக்கித் திறக்கிற கட்டில் வாங்கியிருக்கிறோம், அடியில் பெட்டிகள் மட்டும். வெளிச்சுவர் பக்கம் வைக்கிற அலமாரியையும் சுவரில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளித்தான் வைக்கிறேன், காற்று போக.

நிறத்துக்கு வருவோம். ரோச்சோர் சென்டர் ஞாபகம் இருக்கிறதா? பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நான்கு அடுக்குமாடி புளோக்குகள். 2016-இல் குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள், அப்புறம் வடக்கு-தெற்கு விரைவுச்சாலைக்காக இடித்துவிட்டார்கள். எந்த புளோக்கில் இருக்கிறோம் என்பதை அங்கே நிறமே சொல்லிவிடும். எங்கள் கூடத்திலும் அதைத்தான் செய்கிறேன். உட்காருவது, சாப்பிடுவது, சாமி கும்பிடுவது எல்லாம் அந்த ஒரே இடத்தில். தடுப்பு வைத்தால் இடம் போய்விடும். அதனால் சாப்பாட்டு மூலைக்குத் தோள் உயரம் வரை கடுகு மஞ்சள், சோஃபாவுக்குப் பின்னால் வாழையிலைப் பச்சை, சாமி அலமாரிக்கு உள்ளே மட்டும் குங்குமச் சிவப்பு. கதவைத் திறந்தால்தான் அந்தச் சிவப்பு தெரியும். கூரையும் ஜன்னல் இருக்கிற சுவரும் வெள்ளை. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வெள்ளையும் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை.

மகளுக்கு இதில் பயம். தேக்கா பக்கம் கெர்பாவ் ரோட்டில் பல நிறம் பூசிய ‘டான் தெங் நியா’ வீடு இருக்கிறதே, 1900-இல் கட்டியது, அதைப் போல ஆக்கப் போகிறாயா என்றாள். அந்த வீடு எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் தெருவில் நின்று பார்க்கிற வீட்டுக்கு எத்தனை நிறமும் தாங்கும். நான்கு அடி தள்ளி உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்க்கிற சுவருக்கு ஒன்று போதும்.

நிறம் எடுக்கும்போது கடை அட்டையை மட்டும் நம்பாதே. பெரிய தாளில் பூசி, சுவரில் ஒட்டி, காலையிலும் மாலையிலும் விளக்குப் போட்ட பிறகும் பார். எங்கள் ஜன்னல் மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயிலில் நான் ஆசைப்பட்ட ஆரஞ்சு, அடுப்பு எரிவதுபோல் ஆகிவிட்டது. பச்சைக்கு மாறியது அதனால்தான். பல்பும் நிறத்தை மாற்றும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் பளிச்சென்று இருக்கிற மஞ்சள் சுவர் 6500 வெள்ளை பல்பில் வெளிறிவிடும்.

குளியலறையில் மட்டும் என் ஆட்டம் செல்லவில்லை. புது வீட்டில் மூன்று வருஷத்துக்குக் குளியலறைத் தரைக் கல்லை மாற்ற விடமாட்டார்கள், நீர்க்கசிவுத் தடுப்பு கெட்டுவிடும் என்று. சாம்பல் நிறத் தரை அப்படியே இருக்கட்டும், வாளியும் முக்காலியும் சிவப்பு. பாம் ஷெல்ட்டர், அதுதான் வீட்டுக்குள்ளேயே இருக்கிற குண்டுப் பதுங்கறை, அதன் சுவரையும் இடிக்கக் கூடாது, உள்சுவரில் ஓடு பதிக்கக் கூடாது. அதனால் சும்மா நிற்கிற எஃகு ரேக் வைத்து அண்டா, முறுக்கு உரல், இட்டலிப் பானை எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டேன். குண்டு விழுந்தால் முறுக்கு உரல் பத்திரம்.

ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மர முக்காலிகள் வாங்கியிருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒரு நிறம். விருந்தாளி வந்தால் உட்கார, நவராத்திரிக்கு வரிசையாக வைத்துப் பலகை போட்டால் கொலுப்படி. சாப்பாட்டு மேசை சுவரில் மடிந்து தொங்கும், விரித்தால் நான்கு இலை போடலாம்.

புளோக் முழுக்க இப்போது துளை போடும் சத்தம். வார நாளில் காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் ஐந்து வரை ஓயாது. சனி, ஞாயிறில்தான் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழுகிறது.

உன் வீட்டுக்கு என் யோசனை, மகளிடம் சண்டை போடாதே. கட்டிலுக்குத் தலைமாட்டுச் சுவர் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கு. உன் ஜன்னல் எந்தத் திசை, அறை எத்தனை அகலம் என்று அளந்து எழுது. பெர்த் வெயிலுக்கு நீலம் சரிப்படும் என்று தோன்றுகிறது. ஜனவரியில் வருவதாக இருந்தால் பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிடு. சோஃபா தலையணைகளுக்குத் துணி இன்னும் எடுக்கவில்லை, தேக்கா மார்க்கெட் மாடிக்கு உன்னோடு போகலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன். பேரம் பேச எனக்கு வராது.

அன்புடன்,
செண்பகம்